பட்டாளத்துக் கொண்டி

எங்கள் ஷெட்டில் வாசலைப் பார்த்த சுவரில் ஒரு வரிசை ஆணிகள் உண்டு. புது வேலைக்கு ஆர்டர் வந்தால், அதில் தயாராகும் முதல் பீஸை விற்க மாட்டோம். சந்தனமும் குங்குமமும் வைத்து ஓர் ஆணியில் மாட்டிவிடுவோம். கந்தன் பொட்டு வைப்பான். நான் என் பங்குக்குக் கட்டைவிரலால் அதன்மேல் ஒரு சிலுவை போடுவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

என் பெயர் அருள்மேரி. ஓசூர் சிப்காட்டில் லாரிகளுக்கு இரும்புச் சாமான் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்றால், ஓனர் திம்மராயன் சார். ஆனால் நானும் கந்தனும் மற்றவர்களும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். கந்தன் மெஷினில் செய்வதை நான் அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வேன். கந்தன் அருமையான வேலைக்காரன், வாய்தான் நீளம். என்னைப் பற்றி அவனும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

திம்மராயன் சார் வீட்டில் தெலுங்கு பேசுவார், ஷெட்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவருக்கு ஒரே ஒரு சட்டம். ஆர்டர் கைக்கு வராமல் எதையும் ஆணியில் மாட்டக் கூடாது.

அமெரிக்காவில் எந்த பேங்க்கோ விழுந்ததென்று ஓசூரில் மெஷின்கள் நின்றுபோன காலம் அது. லாரி விற்கவில்லை, அதனால் எங்கள் சாமானும் விற்கவில்லை. பக்கத்து ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அந்தக் கொண்டி வந்தது.

ராணுவத்துக்குப் புதுவகை லாரி வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு. லாரி செய்கிற பெரிய கம்பெனி, அதன் பின்கதவுக்கு ஒரு கொண்டி செய்து காட்டும்படி எங்களைக் கேட்டது. பனிமலையில் நிற்கிற சிப்பாய் தடித்த கையுறையைக் கழற்றாமல் ஒற்றைக் கையால் அதைத் திறக்க வேண்டும். லாரி பள்ளத்தில் குதித்தாலும் அது தானாகத் திறந்துகொள்ளக் கூடாது. ஓசூரில் பனிக்கு எங்கே போவது? மீன்கடை ஐஸ் பெட்டியில் கொண்டியைப் புதைத்து வைத்தோம். கந்தன் உலைக்கருகில் போடுகிற கையுறையை மாட்டிக்கொண்டு திறந்து பார்ப்பான். சிக்கும். இழைப்போம். மறுபடி ஐஸ் பெட்டி. மீன்கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். கடைசியில் ஒரு கொண்டி 'டக்'கென்று திறந்து, 'டக்'கென்று பூட்டியது. அதைத்தான் அனுப்பினோம். நிஜப் பனியில் வைத்துப் பார்த்து, தேறிவிட்டது என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

பிப்ரவரியில் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது, ராணுவச் செலவுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் என்று. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று திம்மராயன் சார் சேலம் போயிருந்தார். லட்டு வாங்கி ஷெட்டுக்கெல்லாம் கொடுத்தேன். கந்தன் பொட்டு வைத்தான், நான் சிலுவை போட்டேன், கொண்டியை ஆணியில் மாட்டினோம். சாயங்காலம் உத்தனப்பள்ளி பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் மாடசாமி அண்ணாச்சியிலிருந்து கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெண்கள் வரை எல்லோருக்கும் சொன்னேன். எங்கள் சாமான் பட்டாளத்துக்குப் போகிறது என்றேன். தெருவில் இறங்கி மறுபடியும் சொன்னேன்.

மறுநாள் திம்மராயன் சார் வந்து ஆணியைப் பார்த்தார். லாரிக் கம்பெனிக்கு போன் போட்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கொண்டியைக் கழற்றி, பொட்டை வேஸ்ட் துணியால் துடைத்தார்.

"தேர்தல் வருது இல்லியா மேரி. இப்ப ஓட்டுப் போட்டது இடைக்கால பட்ஜெட்டுக்கு. சிப்பாய்ங்களுக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டிக்கு டீசல், அது மாதிரி ஓடிட்டு இருக்கறது நிக்காம ஓடறதுக்கு மட்டும்தான். புதுசா ஒண்ணையும் வாங்க முடியாது. தேர்தல் முடிஞ்சு, புது சபை வந்து, முழு பட்ஜெட் போட்டு, அதுல ராணுவத்தோட மானியக் கோரிக்கைய நிறைவேத்தினாத்தான் நம்ம லாரி."

"மானியக் கோரிக்கைன்னா?"

"இன்ன செலவுக்கு இவ்வளவு குடுங்கன்னு சபைகிட்ட மந்திரி கேக்கறது. சபை சரின்னு சொல்லணும். சொல்லாம ஒரு ஸ்குரூ கூட வாங்க முடியாது."

கொண்டியை என் கையில் கொடுத்தார். "உங்கிட்டயே இருக்கட்டும். வர்றப்ப மாட்டலாம்."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. கந்தன் எதிரில் அழுவேனா? கொண்டியை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் மாடசாமி அண்ணாச்சி, "என்ன மேரியம்மா, பட்டாளம் கெளம்பிட்டா?" என்று கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் மானத்தைப் பையில் வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்குவேன்.

அந்த வெயில் காலத்தை மாம்பழம்தான் தள்ளியது. கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஃபேக்டரிகளில் சீசன் ஆரம்பித்தால் மெஷின்கள் இடைவிடாமல் ஓடும், ஓடினால் உடையும். கந்தன் அங்கே போய் உடைந்த தண்டையும் சல்லடையையும் எடுத்து வருவான். பட்டாளத்துக்கு என்று செட் செய்து வைத்திருந்த மெஷினில் மாங்கொட்டை பிரிக்கிற தண்டு செய்தோம். ஷெட் முழுக்க மாம்பழ வாசனை, ஈ. கையெல்லாம் பிசுபிசுப்பு. எனக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் இருந்தோம், அது போதாதா?

ஆனால் மாம்பழம் எத்தனை நாள் வரும்? ஜூன் மாதத்தில் கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஞ்சுண்டப்பா என்று ஒருவர் வந்தார். சிமெண்ட் வியாபாரி. எங்கள் ஷெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இடத்தை விலைக்கு வாங்கி, மெஷின்களை அப்புறப்படுத்திவிட்டு மூட்டை அடுக்கப் போகிறாராம். திம்மராயன் சார் தலையை ஆட்டிவிட்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா மேரி?" என்றார் பிறகு. "மாம்பழம் முடிஞ்சா உங்களுக்கெல்லாம் நான் எதக் குடுப்பேன்? சபை எப்ப ஓட்டுப் போடும்னு யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சவங்கள கேக்கலாம் சார்," என்றேன்.

தேர்தலில் ஜெயித்து டெல்லி போய்வந்திருந்த எங்கள் எம்.பி. பெரியதம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரியில் மனு வாங்குவார். பூசை முடிந்ததும் முக்காட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக பஸ் ஏறினேன். கந்தனும் வந்தான். ரோடு கேட்டு வந்தவர்கள், தண்ணீர் கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் நின்றோம். எங்கள் முறை வந்ததும் மேஜைமேல் கொண்டியை வைத்தேன்.

"இது என்னம்மா?" என்றார். நல்ல உயரம், கரகரத்த குரல். பிரச்சாரத்தில் கெட்ட தொண்டை இன்னும் சரியாகவில்லை போல.

சொன்னேன். அவர் கொண்டியை எடுத்துத் திறந்தார், பூட்டினார், மறுபடி திறந்தார். கையில் எடுத்த யாரும் ஒருமுறையோடு நிறுத்தியதில்லை.

"அடுத்த மாசம் முழு பட்ஜெட் வருது. அப்புறம் கோரிக்கைங்கள ஒண்ணொண்ணா எடுப்பாங்க. எல்லாத்தையும் பேச நேரம் இருக்காதும்மா. பேசாம மிச்சம் நிக்கறத கடைசி நாள்ல மொத்தமா ஓட்டுக்கு விட்டுருவாங்க. அதுல ராணுவமும் இருக்கலாம். எப்படியும் ஜூலை தாண்டாது."

"நீங்க எழுந்து எங்க கொண்டியப் பத்திப் பேசணுங்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "புது எம்.பி.க்கு அவ்வளவு சுலபமா வாய்ப்புக் குடுக்க மாட்டாங்க. குடுத்தாப் பேசறேன். குடுக்கலன்னா, ஆம்னு சொல்ற உரிமைய யாரும் என்கிட்டருந்து பிடுங்க முடியாது. அதச் சொல்றேன். இத நான் கொண்டுபோகட்டுமா?"

கொடுத்தேன். வெளியே வந்ததும் கந்தன் ஆரம்பித்தான். "போச்சு. இருந்த ஒண்ணையும் குடுத்துட்ட. பேப்பர் மேல வெயிட்டா வெப்பாரு."

"வெச்சா என்ன? டெல்லியில வெப்பாரு," என்றேன்.

இதற்குள் நஞ்சுண்டப்பாவுக்கு ஆஷாடம் பிறந்துவிட்டது. கன்னடக்காரர்களுக்கு அமாவாசைக் கணக்கு. நம் ஆடிக்கு முன்னாலேயே அவர்களுக்கு ஆஷாடம் வந்துவிடும். அந்த மாதத்தில் நல்ல காரியம் கிடையாது. "ஆஷாட முகிலி, ஆமேலே பர்த்தீனி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஷாடம் முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்று அர்த்தம். முடிந்த மறுநாளே பத்திரத்தோடு வந்து நிற்பார் என்று திம்மராயன் சார் சொன்னார். அவர் குரலில் உயிரே இல்லை.

நான் காலண்டரைப் பார்த்தேன். ஆஷாடம் முடிகிற நாளில் சபை ஓட்டுப் போட்டிருக்குமா? நிச்சயமில்லை. ஒரு வாரம் முன்பின் ஆகலாம். அந்த ஒரு வாரத்தில் மெஷின் லாரி ஏறிவிடும். அப்புறம் ஆர்டர் வந்து என்ன பிரயோஜனம்? காலண்டரிலேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் மாதாவைக் கும்பிடுகிறவள், எனக்கு ஆடியும் ஒன்று ஆவணியும் ஒன்று. ஆனால் ஷெட் இருக்கிற இடம் மாரம்மா அக்காவின் பெயரில் இருக்கிறது. மாரம்மா அக்கா திம்மராயன் சாரின் மனைவி. பாலக்கோட்டுப் பக்கத்துத் தமிழ்க்குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் புருஷனோடு தெலுங்கு பேசுவாரே தவிர, நாளும் கிழமையும் பிறந்த வீட்டுக் கணக்குதான்.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, ஆடி எப்ப பொறக்குது?"

"வெள்ளிக்கெழம. ஏன், நீ கூழு ஊத்தப் போறியா?"

"அப்ப ஆஷாடம் முடியறப்ப நமக்கு ஆடி நடந்துட்டு இருக்கும்."

அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி கீரை ஆய ஆரம்பித்தார். "ஏ மேரி, சுத்தி வளைக்காத. உங்க சார் ராத்திரியெல்லாம் தூங்காம பொரண்டுட்டுக் கெடக்கறாரு. அந்த மிஷின் போனா இந்த மனுசனும் படுத்துருவாரு. எனக்கு நாடாளுமன்றம் தெரியாது. ஆடி தெரியும்."

மீதிக் கீரையை இருவருமாக ஆய்ந்து முடித்தோம். சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். களியும் கீரைக் கடைசலும். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆஷாடம் முடிந்த மறுநாள் நஞ்சுண்டப்பா சொன்னபடியே வந்தார். வெள்ளை வேட்டி, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பத்திரம். கூடவே மெஷின் ஏற்ற ஒரு லாரி. சபை இன்னும் ஓட்டுப் போடவில்லை. திம்மராயன் சார் பேனாவை எடுத்துவிட்டார். மாரம்மா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடியில நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார்.

நஞ்சுண்டப்பா திகைத்துப்போனார். "ஆஷாடம் நேத்தே முடிஞ்சிடுச்சே அம்மா."

"அது உங்களுக்கு. எனக்குப் போன வெள்ளிதான் பொறந்துச்சு. ஆவணி வரட்டும்."

"நான் என் ஆஷாடம் முழுக்க காத்திருந்தேனே."

"நீங்க உங்க கணக்குக்குக் காத்திருந்தீங்க. நாங்க ஏதாச்சும் சொன்னமா? எங்க கணக்குக்கும் கொஞ்சம் காத்திருங்க."

பாவம், நாள் பார்க்கிறவருக்கு நாள் பார்க்கிறவரிடம் வாதம் செய்ய வழியில்லை. பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு, ஆவணியில் வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். வெறும் லாரி கேட்டைத் தாண்டிப் போனது. கந்தன் என்னைப் பார்த்து, "மேரிக்கா, நீ ஏசுவையே ஆடிக்குக் கூழு குடிக்க வெச்சிருவ," என்றான். திம்மராயன் சார் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா நிம்மதி இருந்ததா என்று கேட்டால், கோபத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆடி முடிவதற்குள் ஓட்டு நடந்தது. அன்று காலையிலேயே எம்.பி. ஆபீஸிலிருந்து போன் வந்தது, இன்று மாலை மொத்தமாக விடப்போகிறார்கள் என்று. ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சபையைக் காட்டுகிற சானலைப் போடச் சொன்னேன். பாட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு முறை முறைத்தேன், அடங்கினார்கள்.

சபாநாயகர் என்னென்னவோ வாசித்தார். இந்த இலாகா, அந்த இலாகா, இத்தனையாம் நம்பர் கோரிக்கை முதல் இத்தனையாம் நம்பர் வரை. நாட்டின் துப்பாக்கியும் கப்பலும் விமானமும், சிப்பாயின் போர்வையும், எங்கள் கொண்டியும் அந்த நம்பர்களுக்குள் இருந்தன. எம்.பி. பேசவில்லை. யாருமே பேசவில்லை.

பிறகு சபாநாயகர், ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்லுங்கள் என்றார்.

சபை முழுக்க ஒரே குரலாக "ஆம்" என்றது. இங்கே டீக்கடையில் திம்மராயன் சார் "ஆம்" என்றார். கந்தன் சொன்னான். முணுமுணுத்தவர்களும் சொன்னார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று சொன்னேன். நிறைவேறியது, நிறைவேறியது என்று சபாநாயகர் இரண்டு தடவை சொன்னார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு பெரிய நாட்டின் பட்டாளம் எங்களைப் போன்றவர்கள் அனுப்பிய ஆட்களின் வாயிலிருந்து வருகிற அந்த ஒரு சொல்லுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. அதை நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

"நம்ம எம்.பி. குரல் கேட்டுச்சா?" என்றேன்.

"அத்தன பேரு கத்தறதுல எப்பிடிக் கேக்கும்?" என்றான் கந்தன்.

"கரகரன்னு கேட்டுச்சு. உனக்குக் காது மந்தம்."

ஓட்டு முடிந்ததும் லாரி வந்து நின்றுவிடாது. அதற்கப்புறம் பணம் எடுக்க ஒரு மசோதா, மேல்சபை, ஜனாதிபதி கையெழுத்து என்று இருந்தது. ஆனால் லாரிக் கம்பெனி அடுத்த வாரமே திம்மராயன் சாரைக் கூப்பிட்டு, மெஷினைத் துடைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டது. ஆவணி பிறக்கும் முன்பே அவர் அத்திப்பள்ளி போய், நஞ்சுண்டப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டு, பழத்தட்டுக்குப் பதில் தட்டு வைத்துவிட்டு வந்தார். அந்த மனிதரும் விஷயத்தைக் கேட்டு, "மிலிட்டரிக்கா?" என்று எழுந்து கை கொடுத்தாராம். வேறு ஷெட் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

ஆர்டர் வந்த வாரம் எம்.பி. ஷெட்டுக்கு வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கொண்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கம்மா. பேச நேரம் கெடைக்கல."

"ஆம்னு சொன்னீங்களே. கேட்டுச்சுங்க."

அவர் கந்தனைப் பார்த்தார். கந்தன் கூரையைப் பார்த்தான்.

"இத சபைக்குள்ளயும் கொண்டுபோக முடியல," என்றார் அவர். "இரும்பாச்சே, வாசல்ல பிடிச்சுக்கிட்டாங்க. காவலுக்கு நின்ன ஒரு பெரியவரு, பழைய சிப்பாயாம், இது என்ன சாமான்னு கேட்டாரு. பட்டாள லாரிக்கு எங்க ஊர்ல செஞ்சது, பனியில ஒத்தக் கையால தெறக்கலாம்னு சொன்னேன். வாங்கித் தெறந்து பாத்தாரு. அப்புறம் வலது கையக் காட்டினாரு. ரெண்டு விரல் பாதிக்கு மேல இல்ல. பனியில வண்டிக் கதவு உறைஞ்சுபோயி, கையுறையக் கழட்டிட்டுத் தெறந்தாராம். அந்தக் கையாலயே இதத் தெறந்து மூடினாரு. நான் ஓட்டுப் போட்டுட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் கையிலயே வெச்சிருந்தாரு."

கந்தன் போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். திம்மராயன் சார் எம்.பி.க்கு நாற்காலி போட மறந்து நின்றார். நான் அழுதேன். கந்தன் எதிரிலேயே அழுதேன், பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

"மாட்டு மேரி," என்றார் திம்மராயன் சார்.

கந்தன் பொட்டு வைத்தான். நான் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். பிப்ரவரியில் கழற்றிய அதே ஆணியில் கொண்டியை மாட்டினேன்.

சாயங்காலம் உத்தனப்பள்ளி பஸ்ஸில் நல்ல கூட்டம். மாடசாமி அண்ணாச்சி வழக்கம்போல ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மேரியம்மா, பட்டாளம் கெளம்பிட்டா?"

"கெளம்பியாச்சு அண்ணாச்சி," என்றேன். "உத்தனப்பள்ளி ஒண்ணு குடுங்க."